வாழைநார்க் கூரை ஒரு மழைக்காலம் தாங்கியதா? கல்லாறு போய்ப் பார்த்தேன்

பொன்முடிக்குப் போகிறவர்கள் கல்லாற்றில் வண்டியை நிறுத்தி, ஒரு டீ குடித்து, ஆற்றில் காலை நனைத்துவிட்டு மேலே ஏறுவார்கள். இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகள் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. நான் அந்த முதல் வளைவைக்கூடப் பார்க்காமல் திரும்பிவிட்டேன். நாகர்கோவிலிலிருந்து ஒரு நாளைச் செலவழித்து மலையடிவாரம் வரை போய், மலையை விட்டுவிட்டு ஒரு டீக்கடைக்காரரின் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்த ஒரே சுற்றுலாப் பயணி நானாகத்தான் இருப்பேன். பொன்முடிப் படங்களை எதிர்பார்த்து வந்தவர்கள் இங்கேயே விலகிக்கொள்ளலாம். கோபித்துக்கொள்ள மாட்டேன்.

போன ஐப்பசியில் கோமதி போன் செய்தாள். "லீலா, பெரிய மழை நின்னாச்சு. மேலே போய்ப் பாக்கணும். நேக்குத் தனியா போய்ப் பாக்க தைரியம் இல்லைடி" என்றாள். கோமதிக்குத் தைரியம் இல்லை என்று அவள் வாயாலேயே கேட்பது முப்பது வருஷத்தில் முதல் தடவை. மறுநாளே பையை எடுத்துவிட்டேன்.

கோமதி யார் என்று சொல்ல வேண்டும். திருவனந்தபுரத்தில் வேதியியல் முதுகலை படித்தபோது எங்கள் வகுப்பில் தமிழ் பேசும் பெண்கள் இரண்டே பேர். ஒருத்தி வலியசாலை அக்ரகாரத்துக் கோமு. இன்னொருத்தி ரயிலேறிப் போன நான். அவள் படித்ததைப் பிடித்துக்கொண்டு கல்லூரி ஆசிரியை ஆனாள். நான் படித்ததை வீட்டுச் சாம்பாரில் மட்டும் பயன்படுத்தினேன். இரண்டு வருஷத்துக்கு முன்பு கோமு வேலையை முன்னதாகவே விட்டுவிட்டு, கைமனம் பக்கம் ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்து, இரண்டு பெண்களை வேலைக்கு வைத்து, வாழைநாரில் கூரை ஷீட் செய்ய ஆரம்பித்தாள்.

வாழைநார் என்றால் பூக்கட்டுகிற அதே வாழைநார்தான். மண்சுவரில் வைக்கோல் கலப்பார்களே, கிட்டத்தட்ட அந்த யோசனை. மண்ணுக்குப் பதில் பிசின், வைக்கோலுக்குப் பதில் நார். நார் இழுப்பைத் தாங்கும், பிசின் நாரை விலகாமல் பிடித்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்தால் தனித்தனியாக இருந்ததைவிடப் பலம். படகுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் கண்ணாடி நாரை வைத்துச் செய்வதும் இதேதான். கண்ணாடி நார் கையில் பட்டால் நாள் முழுக்க அரிக்கும். வாழைநார் அரிக்காது, எடையும் குறைவு, குலை வெட்டியபின் தோட்டத்தில் சும்மா அழுகிக் கிடக்கிற தண்டிலிருந்து வருகிறது. ஆனால் பிசின் இன்னும் பெட்ரோலியச் சரக்குத்தான். "நூறு சதவீதம் இயற்கைன்னு யாராவது வித்தா நம்பாதே" என்று கோமுவே சொல்வாள். விற்கத் தெரியாதவள் என்று இதிலிருந்தே தெரிந்திருக்கும்.

இனி கொஞ்சம் குடும்ப வம்பு. அது இல்லாமல் இந்தக் கதை புரியாது. கோமுவின் கணவர் ரமணி, வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். மகன் பெங்களூரில். பேரனுக்கு ஒன்றரை வயது. ரமணி சாரின் உடம்பு வலியசாலையிலும் உயிர் பெங்களூரிலும் இருக்கிறது. மகன் வேறு வாரத்துக்கு மூன்று தடவை "இங்கே வந்துடுங்கோ" என்கிறான். கடைசியில் புருஷனும் பெண்டாட்டியும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். கல்லாற்றில் மத்தாயி என்பவர் ஆற்றங்கரையில் டீக்கடையும் தங்குவதற்கு ஐந்து குடில்களும் வைத்திருக்கிறார். அவர் ஒரு குடிலின் முன்வாசல் கூரைக்குச் சோதனையாக ஆறு ஷீட் மாட்டிக்கொள்ளச் சம்மதித்திருந்தார். ஒரு மழைக்காலம் தாங்கினால் ஐந்து குடிலுக்கும் கோமுவின் ஷீட்தான். அப்படியானால் இவர்கள் வலியசாலையிலேயே இருப்பது. தாங்காவிட்டால் ஷெட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு பெங்களூர். கோமுவிடம் வேறு ஆர்டர் ஒன்றும் இல்லை. மழை நின்றுவிட்டது. தீர்ப்பு மேலே கூரையில் இருந்தது.

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்கு ரயிலில் எழுபத்தோரு கிலோமீட்டர். காலை ஆறரை வாக்கில் கிளம்பும் வண்டியில் முன்பதிவில்லாப் பெட்டியில் ஏறினேன். நாற்பது ரூபாய். இரணியல், குழித்துறை, பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று பெயர்களை மனசுக்குள் முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வந்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. கல்லூரி நாட்களில் ஒவ்வொரு திங்கட்கிழமையும் இதே தடத்தில், மடியில் ஒரு வாரத்துத் துணியும் அம்மா கட்டிக்கொடுத்த புட்டும் வைத்துக்கொண்டு போவேன். பாறசாலை தாண்டியதும் தலையைச் சீவிப் பொட்டைத் திருத்திக்கொள்வேன், அடுத்த மாநிலம் வந்துவிட்டதல்லவா. இந்த முறையும் பாறசாலை தாண்டியதும் கை தானாகச் சீப்பைத் தேடியது. எதிர் இருக்கையில் இருந்த பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் கைப்பையில் மாத்திரை தேடுவதுபோல நடித்தேன். மாத்திரையும் உண்மையில் இருந்தது.

திருவனந்தபுரம் நிலையம் இருக்கும் தம்பானூரில் இறங்கும்போது எட்டரை. நிலையத்துக்கு எதிரே சுழன்று சுழன்று மேலே ஏறும் அந்தச் செங்கல் நிறக் காப்பிக் கடை அப்படியே நிற்கிறது. உள்ளே படிகள் கிடையாது, சரிவுதான். நாங்கள் படித்தபோது மாதக் கடைசியில் ஒரு கட்லெட்டை இரண்டாக வெட்டி ஆளுக்குப் பாதி தின்ற இடம். பீட்ரூட் போட்டு ரத்தச் சிவப்பாக இருக்கும் அந்தக் கட்லெட்டின் பெரிய பாதி யாருக்கு என்று கோமுவும் நானும் போட்ட சண்டையைக் கேட்டு, தலைப்பாகை கட்டிய பரிமாறுகிறவர் ஒருநாள் கத்தியை வாங்கி அவரே வெட்டித் தந்தார். தனியாக ஏறி உட்கார்ந்தேன். முழுக் கட்லெட்டையும் தின்றேன். சண்டை போட ஆளில்லாமல் அது அவ்வளவு ருசிக்கவில்லை. இருந்தாலும் இரண்டாவதும் வாங்கினேன்.

வெளியே வந்து ஓர் ஆட்டோக்காரரிடம் என் துருப்பிடித்த மலையாளத்தை எடுத்துவிட்டேன். "சேட்டா, வலியசாலை வரெ போகுமோ? எத்ர ரூபாயாணு?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அக்கா, நான் களியக்காவிளைக்காரன். நீங்க தமிழ்லயே கேளுங்க, எனக்கு அதுதான் மனசிலாகும்" என்றார். ஐம்பது கேட்டார். குறைந்தபட்சக் கட்டணம் முப்பது, தூரம் ஒன்றரை கிலோமீட்டர். முப்பதே கொடுத்தேன். மலையாளத்துக்குத் தள்ளுபடி இருபது என்று வாங்கிக்கொண்டார்.

வலியசாலைத் தெருவில் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும். ஒரு வீட்டில் கடுகு வெடித்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள். விடுதிச் சோறு வாயில் வைக்க முடியாத நாட்களில் கோமு என்னை இங்கேதான் கூட்டிவருவாள். வாசலில் நின்றிருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"வாடி. வண்டி நேரத்துக்கு வந்துடுத்தோ? காப்பி குடிச்சையோ?"

"குடிச்சேன். ரெண்டு கட்லெட்டும் தின்னேன்."

"தனியாவா? துரோகி."

காப்பியை ஒரு பழுப்புத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாங்கள் இருவரும் படிக்கிற காலத்தில் துறை ஆய்வகத்தில் செய்த தட்டு அது. விடுதிப் பின்பக்கத்து வாழைத்தண்டை உரித்து, சோடா உப்பில் ஊறவைத்து, அலசி, காயப்போட்டு, பிசின் ஊற்றிச் செய்தது. ஓரம் ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும், கோணலாக இருந்தது.

"எட்டி கோமு, இத இன்னும் தூக்கிப் போடலியா?"

"ஏன் போடணும்? முப்பது வருஷமா நித்தியம் காப்பி கொட்டறது. ஒண்ணும் ஆகலை. இதைப் பாத்துதானே நேக்கு ஷெட்டு புத்தியே வந்தது" என்றாள். நாங்கள் அந்த ஒரு தட்டைச் செய்ய ஒரு மாதம் எடுத்துக்கொண்டோம். கோமு நாரைக் காயவைத்த அழகு இன்னும் கண்ணில் நிற்கிறது. நாரில் ஈரம் இருந்தால் பிசின் ஒட்டாது என்று வெப்பப்பெட்டியின் முன்னால் பிரசவ அறை வாசலில் நிற்கிற மாதிரி நிற்பாள். நான் ஜன்னலில் நின்று அரசியல் ஊர்வலம் பார்ப்பேன். ஊர்வலத்துக்குக் குறைவே இல்லாத நகரம் அது.

பத்து மணிக்கு ரமணி சாரின் சின்னக் காரில் கிளம்பினோம். அவர் ஓட்ட, கோமு முன்னால், நான் பின்னால். திருவனந்தபுரத்திலிருந்து கல்லாறு நாற்பத்தைந்து கிலோமீட்டருக்குப் பக்கம். நெடுமங்காடு, விதுரை வழி. கார் ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டது. கார் இல்லாதவர்களுக்குத் தம்பானூரிலிருந்து பொன்முடி பஸ் இருக்கிறது. கல்லாற்றில் இறங்க எழுபது ரூபாய்க்குள் ஆகும், ஆனால் பஸ்கள் குறைவு, நேரத்தை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

வழியெல்லாம் ரப்பர் மரங்கள். எங்கள் துறைச் சுற்றுலா இதே வழியில்தான் போனது. அப்போது பஸ்ஸில் கோமு பாட, நான் தாளம் போட, பேராசிரியர் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டார். இப்போது கோமு பாடவில்லை. விதுரை தாண்டும்போது ரமணி சாரின் போன் அடித்தது. பேரன். வண்டியை ஓரம்கட்டிவிட்டு, திரைக்கு மூக்கை ஒட்டவைத்து, "யாரு, யாரு இது? தாத்தா எங்கே?" என்று கொஞ்சினார். குழந்தை திரையை நக்கியது போலிருக்கிறது, படம் மங்கிவிட்டது. அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது. அந்தச் சந்தோஷம் ஜெயிக்க வேண்டுமானால் என் சிநேகிதி தோற்க வேண்டும். கோமு ஜன்னல் வழியே ரப்பர் மரங்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

கல்லாறு பெயருக்கேற்ற ஆறு. கல்லும் தண்ணீரும் சரிபாதி. மத்தாயி கடை வாசலிலேயே நின்றிருந்தார். அறுபது வயது, வாழைநாரையே முறுக்கிச் செய்த மாதிரி மெலிந்த ஆள். பத்து வருஷம் கம்பம் ஊரில் ஏலக்காய் வியாபாரம் செய்து பழகிய தமிழ் பேசுவார்.

"வா மாடம், வா சாரே. மழ எல்லாம் கழிஞ்ஞு. இனி மேலே நோக்கு" என்று நேராகக் கூரையைக் காட்டினார்.

ஆறு ஷீட்டுகள். தேன் நிறம். ஐந்து, மாட்டிய அன்று இருந்ததுபோலவே இருந்தன. மேலே கொஞ்சம் பாசி, அவ்வளவுதான். ஆறாவது அப்படி இல்லை. வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். ஒவ்வொன்றும் ஒரு சின்ன கொப்புளம். அதில் இரண்டு மூன்று வெடித்து, அடியில் நார் கறுத்து, தண்ணீர் ஒழுகிய கறை படிந்திருந்தது.

"இது எந்தா மாடம், அம்மை போட்ட மாதிரி?" என்றார் மத்தாயி. கேலி இல்லை, வருத்தம்தான்.

கோமு ஏணியில் ஏறினாள். ஷீட்டின் அடிப்பக்கம் மையால் எழுதியிருந்த எண்ணைப் பார்த்தாள். ஒன்று. ஷெட்டில் முதன்முதலாகச் செய்த ஷீட். இறங்கி வந்து விரல்விட்டுச் சொல்லத் தொடங்கினாள். ஒரே தோட்டத்து நார். ஒரே பிசின். பிசினை இறுக வைக்கும் மருந்தும் ஒரே அளவு. ஒரே வெப்பப்பெட்டியில் ராத்திரி முழுக்க உலர்ந்தது. ஒரே அச்சு. "ஒண்ணும் மாறலையே. அப்பறம் எப்படி?" என்று எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மாடம், எனிக்குச் சங்கடம் உண்டு" என்றார் மத்தாயி. "ஆறுல ஒண்ணு போச்சு. ஞான் அம்பது வாங்கினா எத்தன போகும்? ராத்திரி ஆளு உறங்கும்போ மூக்குல தண்ணி விழுந்தா என்னத்தான சீத்த விளிச்சுத் திட்டும்? எதுனால போச்சுன்னு சொல்லு, ஞான் வாங்கறேன். அறியாதுன்னா எனிக்குப் பயமாக்கும்."

நியாயமான பேச்சு. அதுதான் கஷ்டம். அநியாயமாகப் பேசியிருந்தால் நான் சண்டைக்காவது போயிருப்பேன். மேசையில் எனக்குக் கப்பை என்கிற மரவள்ளியும் மீன்குழம்பும் வந்தன, ரமணி தம்பதிக்கு வாழைப்பழப் பஜ்ஜியான பழம்பொரியும் டீயும். ஒரு தட்டு கப்பை மீன் நூற்றிருபது ரூபாய், பழம்பொரி பன்னிரண்டு. கோமு எதையும் தொடவில்லை. "சரி, விடு லீலா. முடிஞ்சுது. பெங்களூர்ல குளிர் நன்னா இருக்குமாம்" என்றாள்.

ரமணி சார் ஒரு பழம்பொரியைப் பாதி கடித்துவிட்டு அப்படியே வைத்திருந்தார். முகம் ஒருமாதிரி இருந்தது. திரும்பத் திரும்பக் கூரையைப் பார்த்தார். அப்புறம் டீயைப் பார்த்தார். அப்புறம் வாயைத் திறந்து மூடினார். ஜீரணக் கோளாறு என்று நினைத்தேன்.

"கோமு" என்றார் கடைசியில். "ஷெட்டு திறந்த அன்னிக்குப் பூஜைக்கு வந்த வாத்தியார் புண்ணியாகவாசனம் பண்ணினாரே."

"அதுக்கென்ன இப்போ?"

"மாவிலையால தீர்த்தம் தெளிச்சார். சுவத்துல, அச்சுல, எல்லாத்துலயும். அச்சுக்குள்ள நாரை விரிச்சு வெச்சிருந்தை. அதுலயும் தெளிச்சார். நான்தான் 'முதல் ஷீட்டாச்சே, நன்னா தெளியுங்கோ'ன்னு சொன்னேன். ராகுகாலம் வரதுக்குள்ளே ஊத்திடணும்னு நீ உடனே பிசினை ஊத்தினை."

கோமு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அது தீர்த்தமாச்சேன்னா" என்றாள்.

"தீர்த்தமும் ஜலம்தானேடி" என்றார் அவர். நித்தியம் இரண்டு வேளை கோவிலுக்குப் போகிற மனுஷர்.

நான் கப்பைத் தட்டைத் தள்ளிவைத்தேன். நாரில் ஒரு பொட்டு ஈரம் இருக்கக்கூடாது என்று இத்தனை வருஷமாகப் பாடம் நடத்தியவள், ராத்திரி முழுக்க உலர்த்திய நாரின் மேல் கண்ணெதிரே தண்ணீர் விழுவதைப் பார்த்து, தலைகுனிந்து தானும் தலையில் தெளித்துக்கொண்டு, மேலே பிசினை ஊற்றியிருக்கிறாள். "என் கண்ணுக்கு அது தண்ணியாவே படலைடி லீலா" என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. மறுபடி ஏணியில் ஏறிப் பார்த்தாள். புள்ளிகள் ஒரு முனையில் நெருக்கமாகவும் மறுமுனைக்குப் போகப்போக அரிதாகவும், விசிறிபோல விரிந்திருந்தன. நெருக்கமாக இருந்த முனைதான் வாத்தியார் நின்ற பக்கம். "கையை வீசித் தெளிச்சிருக்கார் பாரேன்" என்றாள் மேலேயிருந்து. வாத்தியாரின் கைவீச்சு அப்படியே பதிந்து கூரையேறியிருந்தது.

நான் ரமணி சாரைப் பார்த்தேன். அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், அடுத்த மாதம் பேரன் மடியில் இருந்திருப்பான். ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அவர் மிச்சப் பழம்பொரியை எடுத்து மெதுவாகத் தின்ன ஆரம்பித்தார்.

விஷயத்தை மத்தாயிக்கு விளக்கியதும் அவர் மேசையைத் தட்டிச் சிரித்தார். "சாரே, இந்தக் கட திறந்தப்போ எங்க சர்ச்சுப் பாதிரி, அச்சன், வந்து புண்ணியத் தண்ணி தளிச்சு. நல்ல கனமாட்டுத் தளிச்சு. சுவிட்சு போர்டு மேலே! டப்புன்னு ஒரு சப்தம். புது ஃப்ரீசர் போச்சு. அன்னிக்கு ஊருக்கு முழுக்க ஐஸ்கிரீம் ஃப்ரீ. அச்சனும் ரெண்டு கப்பு தின்னு."

சிரித்து முடித்ததும் மறுபடி வியாபாரி ஆனார். காரணம் புரிந்தது, சரி. மற்ற ஐந்துக்கும் பலம் இருக்கிறதா? அவரே ஏறி ஒரு நல்ல ஷீட்டைக் கழற்றிக் கொண்டுவந்து ஆற்றோரத்து இரண்டு பாறைகளுக்கு நடுவே பாலம்போல வைத்தார். கோமு குறுக்கே ஒரு பலகை போடச் சொன்னாள். கூரை மேல் நடக்கிறவர்கள் அப்படித்தான் போடுவார்களாம். மத்தாயி ஏறி நின்றார். ஷீட்டுக்கு அவர் வந்ததே தெரியவில்லை. ரமணி சார் நின்றார். இலேசாகக் குனிந்து மரியாதை செய்தது. பிறகு மூன்று பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள்.

அறிவியலுக்கு எடை தேவைப்படும்போது என்னை அழைப்பார்கள் என்று தெரிந்திருந்தால் இத்தனை வருஷம் நடைப்பயிற்சி போகாததை நினைத்துக் குற்ற உணர்ச்சி அடைந்திருக்க மாட்டேன்.

"சேச்சி ஒண்ணு கேறு" என்றார் மத்தாயி, மிகுந்த மரியாதையோடு.

"எட்டி, ஒடிஞ்சா?" என்றேன் கோமுவிடம் மெதுவாக.

"ஒடிஞ்சா ஆத்துல விழுவை. முழங்கால் ஆழம்தான். ஏறு."

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். ஷீட் "கிரீச்" என்றது. என் காலுக்குக் கீழே குழிந்தது. தின்ற இரண்டு கட்லெட்டையும் அந்தக் கப்பையையும் நினைத்து மனதாரப் பச்சாதாபப்பட்டேன். கீழே தண்ணீர் ஓடுகிறது, முன்னால் என் சிநேகிதி இரண்டு கைகளையும் பிசைந்துகொண்டு நிற்கிறாள், அவளுடைய ஷெட்டும் வீடும் தெருவும் அப்போது என் உள்ளங்காலின் கீழே இருந்தன. மூச்சை அடக்கிக்கொண்டேன், மூச்சுக்கு எடை உண்டோ என்னவோ. மத்தாயி ஒரு பீடியைப் பற்றவைத்து நிதானமாக இழுத்தார். பீடி தீரும்வரை நிற்கச் சொன்னார், பாவி. நின்றேன். இறங்கியதும் ஷீட் முன்புபோலவே நிமிர்ந்துகொண்டது.

"ரெண்டு குடிலுக்கு இப்போ செய்" என்றார் மத்தாயி. "அடுத்த இடவப்பாதி கழிஞ்ஞா மிச்சம் மூணு." இடவப்பாதி என்றால் ஜூனில் தொடங்கும் பெருமழை. ஐந்து குடில் என்ற பேச்சு இரண்டானது. கோமு கணவரைப் பார்த்தாள், உடன்பாட்டில் இரண்டுக்கு என்ன தீர்ப்பு என்று கேட்பதுபோல. அவர் "சரின்னு சொல்லேன், என்னை என்ன பாக்கறே?" என்றார்.

மூன்று மணிக்கு, ஐப்பசி மாலைகளில் பெய்யும் துலாமழை இடியோடு இறங்கியது. காரில் திரும்பினோம். நெடுமங்காட்டில் ரமணி சார் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "புது ஆர்டருக்கு வாத்தியாரைக் கூப்பிட வேண்டாம், இல்லையா?"

"ஏன் வேண்டாம்? கூப்பிடுங்கோ. ஷீட்டெல்லாம் முடிஞ்சு லாரியில ஏத்தறதுக்கு முன்னாடி வரச் சொல்லுங்கோ. மாவிலை போறாது. குடம் குடமா விடச் சொல்லுங்கோ. ஒரு சொட்டு உள்ளே இறங்கித்துன்னா அந்த ஷீட்டை அனுப்ப மாட்டேன்" என்றாள் கோமு.

பேருந்திலும் காரிலும் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஐப்பசியில் போனால் காலையிலேயே போய், மதியம் இரண்டரைக்குள் ஆற்றிலிருந்து மேலே வந்துவிடுங்கள். மேலே மலையில் மழை பெய்தால் இங்கே வெயிலடிக்கும்போதே தண்ணீர் ஏறிவிடும். பாறைகள் வழுக்கும். பொன்முடி சோதனைச் சாவடியில் மழை நாட்களில் மேலே விடமாட்டார்கள், கிளம்பும்முன் கேட்டுக்கொள்ளுங்கள். ரயில், ஆட்டோ, சாப்பாடு, பெட்ரோலில் என் பங்கு எல்லாம் சேர்த்து எனக்கு ஐந்நூறு ரூபாய் தாண்டவில்லை. வாழைநாரில் நீங்களே ஏதாவது செய்து பார்க்க ஆசைப்பட்டால், நார் காய்ந்துவிட்டது என்று உங்களுக்குத் தோன்றியபின் இன்னொரு நாள் காயவையுங்கள். பூஜை போடுவது உங்கள் விருப்பம், நாரை மட்டும் மூடிவையுங்கள். பிசின் ஊற்றும்போது ஜன்னல்கள் திறந்திருக்கட்டும், கையுறை வேண்டும்.

நான் அன்று மாலை வண்டியில் ஊர் திரும்பினேன். பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை என்று பெயர்கள் தலைகீழாக வந்தன. இந்தத் தடத்தில் நான் ஏறும்போதெல்லாம் அந்தப் பக்கம் கோமு இருப்பாள் என்ற எண்ணத்திலேயே இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறேன் என்பது அன்றுதான் உறைத்தது. அவள் பெங்களூர் போயிருந்தால் திருவனந்தபுரம் எனக்குக் கட்லெட் விற்கும் ஓர் ஊர் மட்டும்தான்.

மார்கழியில் போன் வந்தது. வாத்தியார் மூன்று குடம் விட்டாராம். ரமணி சார் ஒவ்வொரு ஷீட்டின் அடியிலும் குனிந்து, கையால் தடவிப் பார்த்தாராம். ஒரு சொட்டு இல்லை. லாரி கல்லாற்றுக்குப் போய்விட்டது. இருவரும் பத்து நாள் பேரனைப் பார்க்கப் பெங்களூர் கிளம்புகிறார்கள்.

"டிக்கெட் யாரு எடுத்தா?" என்று கேட்டேன். வம்பு கேட்பது என் பிறவிக்குணம்.

"அவர்தான். போக, வர, ரெண்டும் அவரே எடுத்துட்டார்" என்றாள்.